கதீட்டரை எடுத்த பிறகு சிறுநீர்க் கசிவு: முதியோர் இல்லப் பணிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிறுநீரை வடிக்கச் சிறுநீர்ப்பைக்குள் போடும் டியூபான கதீட்டரோடு பல வாரம் இருந்த ஒருவருக்கு அதை எடுத்துவிட்டால், அடுத்த சில நாள்கள் துணி நனையும், படுக்கை நனையும். ஆள் குறைவாக இருக்கும் ஷிஃப்டில் "பேசாமல் டியூபையே திரும்பப் போட்டுவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். இல்லாவிட்டால் பெரிய டயபராகப் பார்த்துக் கட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். இரண்டுமே அந்தப் பெரியவருக்குச் செய்யும் அநியாயம்தான். கதீட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி குடியேறும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதம் தாண்டினால் அநேகமாக எல்லோருக்கும் கிருமி இருக்கும். டயபரோ ஈரத்தை மறைக்கும்போது, ஏன் கசிகிறது என்ற கேள்வியையும் சேர்த்து மறைத்துவிடும்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எதை மறந்தாலும் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நனைந்த துணியைப் பார்த்ததும் "சிறுநீர் போகிறது, அப்படியென்றால் சரிதான்" என்று நினைக்காதீர்கள். சிறுநீர்ப்பை காலியாகிறதா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. கீழே சொல்லும் மற்ற எல்லாமே அதற்குப் பிறகுதான்.

ஏன் கசிகிறது

கதீட்டர் இருந்தவரை சிறுநீர் சேரச் சேர வெளியே வடிந்துகொண்டே இருந்தது. சிறுநீர்ப்பை நிறையவே இல்லை. பொதுவாக 150 முதல் 250 மில்லி சேரும்போது முதல் உணர்வு வரும். 300 முதல் 500 மில்லி வரை பை தாங்கும். வாரக்கணக்கில் காலியாகவே கிடந்த பைக்குக் கொஞ்சம் சேர்ந்தாலே அவசரம் வந்துவிடும். டியூப் உரசிய பாதையில் எரிச்சலும் இருக்கும். முதல் ஓரிரு நாள் எரிச்சல், அடிக்கடி போகும் உணர்வு, சிறுநீரில் லேசான இளஞ்சிவப்பு நிறம் ஆகியவை இருந்தால் பயப்பட வேண்டாம், குறித்து வையுங்கள். குறைய வேண்டும். குறையாவிட்டால் நர்ஸிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள்.

இதோடு வயதானவர்களுக்கு வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ளும்: மலச்சிக்கல், மருந்துகள், நடக்க முடியாமை, கிருமித் தொற்று, திடீர்க் குழப்பம், பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் வரும் வறட்சி, ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று காரணங்கள் இருப்பது சகஜம். அதனால் ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

எடுப்பதற்கு முன்பே பாதி வேலை

முதலில் சார்ட்டைப் பாருங்கள். எதற்காகக் கதீட்டர் போட்டார்கள்? இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்காகப் போட்டதா, சிறுநீர் அடைத்துக்கொண்டதால் போட்டதா? முதல் வகை என்றால் பெரும்பாலும் எளிதாகப் பழைய நிலைக்கு வந்துவிடுவார்கள். அடைப்புக்காகப் போட்டது என்றால், அந்தக் காரணம் இப்போது சரியாகிவிட்டதா என்று மருத்துவரிடம் கேட்காமல் எடுப்பதில் அர்த்தமில்லை. புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரையைச் சில நாள் முன்பே தொடங்கிவிட்டு எடுத்தால், தானாகச் சிறுநீர் போகும் வாய்ப்பு கூடும். அந்த மாத்திரையால் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். முதல் நாள்களில் அவரைத் தனியாக எழவிடாதீர்கள்.

அப்புறம் வயிறு. கடைசியாக எப்போது மலம் கழித்தார் என்று பாருங்கள். மூன்று நான்கு நாளாகப் போகவில்லை என்றால் அதை முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள். மலக்குடலில் இறுகிக் கிடக்கும் மலம் சிறுநீர்ப் பாதையை அழுத்தும். அதனால் சிறுநீர் அடைக்கவும் செய்யும், கசியவும் செய்யும். இதைக் கவனிக்காமல் கதீட்டரை எடுத்துவிட்டு, மறுநாள் "போகவில்லை" என்று திரும்பப் போடுவது தேவையில்லாத துன்பம்.

மருந்துப் பட்டியலை நர்ஸோடு உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் தரும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள், மார்ஃபின் வகை வலி நிவாரணிகள் ஆகியவை சிறுநீர்ப்பையை மந்தமாக்கும். தூக்க மாத்திரை உணர்வையே மழுங்கடிக்கும். எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் காதில் போட்டு வையுங்கள்.

எடுப்பதற்கு விடிகாலை நல்லது. பகல் முழுக்க ஆள் இருப்பார்கள், கவனிக்க முடியும், சிக்கல் வந்தால் மருத்துவரைப் பிடிக்கலாம். எடுக்கும் முன் டியூபை அவ்வப்போது கிளிப் போட்டு மூடி, பைக்குப் "பயிற்சி" கொடுக்கும் பழைய வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அதனால் பலன் இருப்பதாக நிரூபணமாகவில்லை. திறக்க மறந்துவிட்டால் ஆபத்து. விட்டுவிடலாம்.

எடுப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கதீட்டர் நழுவாமல் உள்ளே பிடித்திருக்கும் பலூனில் உள்ள தண்ணீர் தானாகச் சிரிஞ்சுக்குள் வர விட வேண்டும். பலமாக இழுத்தால் பலூன் மடிந்து பாதையைக் கீறலாம். டியூபில் எழுதியிருக்கும் அளவும் வெளியே வந்த தண்ணீரின் அளவும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். டியூபைக் கத்தரியால் வெட்டி எடுப்பது கூடவே கூடாது. எடுத்த நேரத்தை நிமிடம் உட்பட எழுதுங்கள். இனி எல்லாக் கணக்கும் அந்த நேரத்திலிருந்துதான்.

முதல் எட்டு மணி நேரம்

தண்ணீர் வழக்கம்போலக் கொடுங்கள். சீக்கிரம் போகட்டும் என்று ஒரேயடியாக லிட்டர் கணக்கில் குடிக்க வைக்காதீர்கள். மந்தமான பை திடீரென நிறைந்து விரிந்துவிட்டால் அதன் தசை மேலும் சோர்ந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள், அல்லது கமோடு நாற்காலியில் உட்கார வையுங்கள். படுத்த நிலையில் பெட்பானில் போவது யாருக்கும் கஷ்டம். வேறு வழியே இல்லாதபோது மட்டும் பெட்பான்.

பொதுவாக 4 முதல் 6 மணி நேரத்துக்குள் முதல் முறை போக வேண்டும். எவ்வளவு போனார் என்று அளவுக் குவளையில் அளந்து எழுதுங்கள். பேடில் போய்விட்டால் பேடை எடை போடுங்கள். காய்ந்த பேடின் எடையைக் கழித்தால் ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லி. பிறகு பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் பிளாடர் ஸ்கேன் (அடிவயிற்றின் மேல் கருவியை வைத்துச் சிறுநீர்ப்பையைப் பார்ப்பது) செய்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நர்ஸ் பார்ப்பார். 100 மில்லிக்குக் கீழே என்றால் நிம்மதி. 200 தாண்டினால் சரியாகக் காலியாகவில்லை; திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். 300க்கு மேல் என்றால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இடத்துக்கு இடம் இந்த எல்லைகள் கொஞ்சம் மாறும். உங்கள் இல்லத்தில் எந்த எண் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மறதி நோய் உள்ள ஒரு பெரியவர். காலையில் கதீட்டர் எடுத்தாயிற்று. மதியம் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் பேட் லேசாக ஈரமாக இருக்கிறது. "நல்லாப் போகிறார்" என்று சார்ட்டில் எழுதுகிறார்கள். மூன்று மணிக்கு அவர் லுங்கியை இழுக்கிறார், கட்டிலிலிருந்து எழப் பார்க்கிறார், தொட்டால் கையைத் தட்டிவிடுகிறார். நடத்தைப் பிரச்சினை என்று அமைதிப்படுத்தும் மருந்தைப் பற்றிப் பேச்சு எழுகிறது. யாரோ ஒருவர் தொப்புளுக்குக் கீழே கை வைத்துப் பார்க்கிறார்; உருண்டையாக, இறுக்கமாக இருக்கிறது. ஸ்கேனில் 700 மில்லி. அவருக்குச் சிறுநீர் போகவே இல்லை. நிரம்பிய குடம்போலத் தளும்பி வழிந்ததைத்தான் எல்லோரும் போனதாக எடுத்துக்கொண்டார்கள்.

எனவே அடிக்கடி சின்னச் சின்னதாகக் கசிந்தால், அது நல்ல அறிகுறி இல்லை. வலி என்று சொல்லத் தெரியாதவர்களிடம் பதற்றம், முகம் சுளிப்பு, திடீர்க் கோபம், உணவைத் தள்ளிவிடுதல், புதிதாக வந்த குழப்பம் ஆகிய எதைக் கண்டாலும் முதலில் அடிவயிற்றைப் பாருங்கள். அமைதிப்படுத்தும் மருந்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

முதல் முறை சரியாக இருந்தது என்று விட்டுவிடாதீர்கள். குறைந்தது இரண்டு மூன்று முறையாவது மிச்சம் பார்ப்பது நல்லது. முதல் நாள் நன்றாகப் போய், மறுநாள் இரவு அடைத்துக்கொள்பவர்களும் உண்டு.

மூன்று நாள் குறிப்பு

பை காலியாகிறது, ஆனாலும் நனைகிறது என்றால் இப்போது நேரத்தைப் பிடிக்க வேண்டும். மூன்று நாள், இரவும் பகலும், ஒரே ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன நேரம், நனைந்திருந்ததா காய்ந்திருந்ததா, கழிப்பறையில் போனாரா, எவ்வளவு, என்ன குடித்தார், என்ன மாத்திரை எப்போது. இதை எழுதச் சலிப்பாகத்தான் இருக்கும். ஷிஃப்ட் முடியும்போது ஞாபகத்தில் இருந்து மொத்தமாக நிரப்பிய தாளால் ஒரு பயனும் இல்லை. அந்தந்த நேரத்தில் எழுதினால்தான் அது பேசும்.

எப்படி என்று ஓர் உதாரணம். ஓர் அம்மாவின் தாளில் மூன்று நாளும் காலை 8 மணிக்குக் காய்ந்திருக்கிறது. 10 மணிக்குச் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. மதியத்துக்குப் பிறகு பெரும்பாலும் காய்ந்தே இருக்கிறது. மாத்திரை நேரத்தைப் பார்த்தால், காலை 8 மணிக்கு ஃபுரோசமைடு என்ற, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை. அந்த மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, அடுத்த ஓரிரண்டு மணி நேரம் உச்சத்தில் இருக்கும். இந்த அம்மாவுக்கு நாள் முழுக்க டயபர் தேவையே இல்லை. காலை 8.45, 9.30, 10.15க்கு மட்டும் தவறாமல் அழைத்துப் போனால் போதும். மூன்று நாள் தாள் இல்லாமல் இதை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

தாளைப் பார்த்து, அவர் வழக்கமாக நனையும் நேரத்துக்குக் கால் மணி, அரை மணி முன்பாகக் கழிப்பறை நேரத்தை வையுங்கள். எல்லோருக்கும் ஒரே மணிக்கணக்கு வைத்து வரிசையாக அழைத்துப் போவது ஊழியர்களுக்கு வசதி; ஆனால் முன்கூட்டியே நனைந்துவிட்டவருக்கு அதனால் என்ன லாபம்?

கேட்டு அழைத்துப் போவது

கழிப்பறை எங்கே என்று மறந்துபோனவர், உதவி கேட்கக் கூச்சப்படுபவர், எழ நேரமாவதால் பாதி வழியில் நனைந்துவிடுபவர் ஆகியோருக்கு மருந்தைவிட இதுவே பலன் தரும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, காலை 7 முதல் இரவு 7 வரை செய்யுங்கள்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள். அவர் கண் பார்க்கும் உயரத்தில் குனிந்து, பெயரையோ அவர் பழகிய அழைப்பையோ சொல்லிக் கூப்பிடுங்கள். சில வினாடி பொறுங்கள்; அவரே கேட்டுவிடலாம். கேட்காவிட்டால், "அம்மா, இப்போ ஈரமா இருக்கா, காய்ஞ்சிருக்கா?" என்று மெதுவாகக் கேளுங்கள். அவர் சொன்ன பிறகு பாருங்கள். சரியாகச் சொல்லியிருந்தால் அதைப் பாராட்டுங்கள். அப்புறம், "பாத்ரூம் போயிட்டு வந்துடலாமா? நான் கூட வர்றேன்." வேண்டாம் என்றால் விட்டுவிட்டு இன்னும் ஓரிரு முறை வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள். வற்புறுத்தி இழுக்காதீர்கள். போய்விட்டு வந்ததும், "அடுத்து பதினோரு மணிக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி வந்தாலும் மணி அடிங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

நனைந்திருந்தால் திட்டவோ முகம் சுளிக்கவோ கூடாது, பேசாமல் மாற்றிவிடுங்கள். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் "இவங்களுக்கு டயபர் மாத்தணும்" என்று சத்தமாகச் சொல்வதை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். அன்றிலிருந்து அந்த அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார். ஏன் குடிக்கவில்லை என்று யாருக்கும் புரியாது.

மூன்று நாள் இப்படிச் செய்து பார்த்தால், யாருக்குப் பலிக்கும் என்று தெரிந்துவிடும். கேட்கும்போதெல்லாம் மூன்றில் இரண்டு முறையாவது கழிப்பறையில் போகிறார் என்றால் அவருக்குத் தொடரலாம். முதியோர் இல்லங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி நல்ல பலன் கிடைக்கும். பலிக்காதவர்களுக்கு, நேரம் பார்த்துச் சோதித்து உடனுக்குடன் மாற்றும் முறைக்குப் போங்கள். அது தோல்வி இல்லை. அவருக்கு அதுதான் பொருத்தம்.

கழிப்பறையில் உட்காரும்போது இரண்டு பாதமும் தரையில் படட்டும். கால் எட்டாவிட்டால் சின்னப் பலகை வையுங்கள். உடல் கொஞ்சம் முன்னால் சாயட்டும். முடிந்தது என்று சொன்ன பிறகும் ஒரு நிமிடம் பொறுத்து, இன்னொரு முறை முயலச் சொல்லுங்கள். மிச்சம் நிற்பவர்களுக்கு இது நன்றாக உதவும். அவசரப்படுத்தினால் வராது. கதவைச் சாத்திவிட்டு, விழுந்துவிடாத அளவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். சொன்னதைப் புரிந்து செய்யக் கூடியவர் என்றால், அடியிடுப்புத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள்

நனையாமல் இருக்கத் தண்ணீரைக் குறைப்பது எல்லோர் மனத்திலும் முதலில் வரும் யோசனை. பலன் நேர்மாறாக இருக்கும். அடர்த்தியான சிறுநீர் பையை மேலும் உறுத்தும், மலச்சிக்கல் வரும், தொற்றும் குழப்பமும் பின்னாலேயே வரும். இதயமோ சிறுநீரகமோ பழுதாகி மருத்துவர் அளவு வைத்திருந்தால் தவிர, ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் போகட்டும். பெரும்பகுதியைக் காலையிலிருந்து மாலைக்குள் கொடுத்துவிட்டு, தூங்கப் போகும் இரண்டு மணி நேரம் முன்பு குறையுங்கள். காப்பி, டீ அதிகம் குடிப்பவருக்குக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம்.

பேட், தோல்

பேடே வேண்டாம் என்று சொல்லவில்லை. தாளைப் பார்த்து, எவ்வளவு நனைகிறது என்பதற்கு ஏற்ற அளவில் போடுங்கள். நடக்கக் கூடியவருக்கு ஜட்டிபோல இழுத்து மாட்டும் வகை நல்லது. அவரே இறக்கி ஏற்றலாம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பேட் வைப்பதால் ஈரம் கூடுதலாக உறிஞ்சப்படாது. சூடும் அழுத்தமும் மட்டும்தான் கூடும்.

ஆண்களுக்கு ஆணுறைபோல வெளியே மாட்டும் கதீட்டர், இரவில் சிலருக்கு உதவும். அளவு சரியாக இருக்க வேண்டும், தினமும் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். பை சரியாகக் காலியாகாதவருக்கு இதை மாட்டினால் அடைப்பு வெளியே தெரியாமல் போய்விடும்.

நனைந்ததும் மென்மையான கிளென்சரால் துடையுங்கள். காரமான சோப்பு வேண்டாம். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். துத்தநாக ஆக்சைடு அல்லது டைமெதிக்கோன் உள்ள பாதுகாப்பு கிரீமை மெல்லிய படலமாகத் தடவுங்கள். கெட்டியாக அப்பினால் பேடின் உறிஞ்சும் திறன் குறைந்துவிடும். மடிப்புகளில் சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். எலும்பு துருத்தும் இடத்தில், விளிம்பு தெளிவான சிவப்பு, அழுத்தினால் வெளுக்காவிட்டால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. கிரீமைப் பூசிவிட்டுப் போகாமல் நர்ஸிடம் காட்டுங்கள்.

இரவு

கழிப்பறைக்கு அவசரமாக எழுந்து விழுபவர்கள் அதிகம். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே மங்கலான விளக்கு, வழுக்காத செருப்பு, தாழ்த்திய கட்டில், கை எட்டும் இடத்தில் அழைப்பு மணி. நடக்க முடியாதவருக்குப் பக்கத்திலேயே கமோடு அல்லது சிறுநீர்க் குடுவை. கால் வீக்கம் உள்ளவர் பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுத்தால், கால்களில் தேங்கிய நீர் பகலிலேயே வெளியேறி இரவுத் தொல்லை குறையும். நிம்மதியாகத் தூங்குபவரை மணிக்கணக்கு பார்த்து எழுப்பாதீர்கள். தானாக விழிக்கும்போது கேட்டு அழைத்துப் போனால் போதும். தோல் நன்றாக இருந்தால், இரவுக்கு அதிகம் உறிஞ்சும் பேடைப் போட்டுத் தூங்க விடலாம்.

மருத்துவரை எப்போது அழைப்பது

எடுத்து 6 முதல் 8 மணி நேரம் ஆகியும் போகவில்லை. அதற்கு முன்பே அடிவயிறு வீங்கி வலிக்கிறது. காய்ச்சல், குளிர் நடுக்கம். விலாவுக்குக் கீழே முதுகில் வலி. சிறுநீரில் ரத்தக் கட்டிகள். திடீரெனக் குழப்பம் அல்லது மந்தம். இதில் எது வந்தாலும் அடுத்த ஷிஃப்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள். கழுத்திலோ மேல் மார்பு மட்டத்திலோ தண்டுவடத்தில் அடிபட்டவர் என்றால் இன்னும் கவனம்: பை நிரம்பினால் ரத்த அழுத்தம் எகிறும், கடும் தலைவலியும் வியர்வையும் வரும். அது உயிருக்கே ஆபத்தான அவசரம்.

சிறுநீர் நாறுகிறது, கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பரிசோதனைக்கு அனுப்பி ஆன்டிபயாட்டிக் தொடங்கச் சொல்லாதீர்கள். கதீட்டரோடு இருந்தவரின் சிறுநீரில் கிருமி இருக்கத்தான் செய்யும். காய்ச்சலோ வலியோ எரிச்சல் கூடுவதோ இல்லாமல் வெறும் கிருமிக்குக் கொடுக்கும் மருந்து வயிற்றுப்போக்கையும் மருந்துக்கு அடங்காத கிருமிகளையும்தான் கொண்டுவரும்.

அடைத்துக்கொண்டது என்றால், டியூபை நிரந்தரமாகத் திரும்பப் போடுவதுதான் ஒரே வழி என்றில்லை. அவ்வப்போது மெல்லிய டியூபை நுழைத்து, காலி செய்து, உடனே எடுத்துவிடும் முறையை மருத்துவரிடம் கேளுங்கள். சில நாள் அப்படிச் செய்தால் பல பேருக்குப் பை மீண்டுவிடும். வேறு வழியே இல்லாத அடைப்பு, வாலெலும்புப் பக்கம் ஆழமான புண்ணும் கசிவும் சேர்ந்து இருப்பது, இறுதிக் காலத்தில் அசைத்தாலே வலிப்பவரின் நிம்மதி ஆகியவை கதீட்டரைத் திரும்பப் போட நியாயமான காரணங்கள். நனைகிறது என்பது மட்டும் காரணம் ஆகாது. அப்படிப் போட வேண்டி வந்தால், எதற்காகப் போட்டது என்பதையும் மறுபடி எடுத்துப் பார்க்கும் தேதியையும் அன்றே சார்ட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியிருக்கிறதா என்று ஷிஃப்ட் மாறும் முன் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.